பலெர்மோ பெல்லெக்ரீனோ மலைக் குகைநீரும் ஈழத்தமிழர் தீர்த்த மரபும்

முன்னுரை

நீர் விழும் மலைகளுக்கெல்லாம் தமிழர் கதை சொல்லி வந்துள்ளனர். குற்றாலத்தில் அருவியின் அருகே திருமால் கோயிலை அகத்தியர் சிவன் கோயிலாக மாற்றினார் என்பது தலவரலாறு. மதுரைக்கு வடக்கே அழகர்மலையின் நூபுர கங்கை, உலகளந்த பெருமானின் காற்சிலம்பிலிருந்து பெருகியது எனப்படும். அந்நீரன்றி வேறு நீரால் அழகருக்குத் திருமஞ்சனம் செய்தால் திருமேனி கறுத்துவிடும் என்பது அவ்வூரார் நம்பிக்கை. திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும், இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியவை என்று சொல்லப்படுகின்றன. மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்றையும் சேர்த்தே எண்ணும் மரபில் நீருக்கு இறைவடிவத்தோடு ஒத்த நிலை உண்டு.

இம்மரபினர் தம் நிலத்தைவிட்டு நெடுந்தொலைவு பெயரும்போது மூர்த்தியை உடன் கொண்டு செல்ல இயலும். படமாகவோ சிறு படிமமாகவோ அது பயணப்பெட்டிக்குள் அடங்கும். தலத்தையும் ஒருவாறு படைத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய நகரங்களில் வாடகைக் கட்டடங்களுக்குள் கோயில்கள் எழுந்திருப்பது அதற்குச் சான்று. தீர்த்தம் மட்டும் பெயர்வதில்லை. பெயராத அதற்கு ஈடாகப் புலம்பெயர்ந்தோர் எதைக் கண்டுகொள்கின்றனர், எதைக் காணாமலே விட்டுவிட நேர்கிறது என்னும் வினாவுக்கு, சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் ஈழத்தமிழர் ஏறும் பெல்லெக்ரீனோ மலை தெளிவான எடுத்துக்காட்டாக அமைகிறது.

மலையும் பூங்காவும்

பலெர்மோ நகரின் வடக்கே, கடலை ஒட்டித் தனித்து நிற்கும் சுண்ணக்கல் மலை பெல்லெக்ரீனோ. உயரம் ஏறத்தாழ 600 மீட்டர். அதன் பெயருக்கு இத்தாலிய மொழியில் வழிப்போக்கர், யாத்திரிகர் என்னும் பொருள் உண்டு. வடகிழக்குச் சரிவிலுள்ள அத்தாவுரா குகைகளில் பழங்கற்கால மனிதர் கீறிய மனித, விலங்கு உருவங்கள் காணப்படுகின்றன. மேற்கு அடிவாரத்தில் ஃபவோரீத்தா பூங்கா பரந்துள்ளது. நெப்போலியக் காலக் கொந்தளிப்பில் நேப்பிள்சைவிட்டுத் தப்பிவந்த பூர்போன் மன்னர் ஃபெர்டினாண்டு, 1799இல் தம் வேட்டைக்கும் வேளாண் ஆய்வுக்குமாக அமைத்தது அது. 1990களில் மலையும் பூங்காவும் இயற்கைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டன.

இங்கு அருவி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குற்றாலத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு வருபவர் ஏமாறுவர். சுண்ணக்கல் மழைநீரைத் தன் வெடிப்புகளுக்குள் உறிஞ்சிக்கொள்வதால் மலைமேல் ஓடை நிலைப்பதில்லை. மழைக்காலத்தில் மட்டும் நீர் தங்கும் ஒரு குட்டை மேற்பரப்பில் உண்டு. அதுவும் ரோசலியா என்னும் புனிதையின் பெயராலேயே வழங்கப்படுகிறது. உறிஞ்சப்பட்ட நீர் பாறைக்குள் மெல்ல இறங்கி, உச்சிக்குச் சற்றுக் கீழேயுள்ள ஒரு குகையின் கூரையில் துளித்துளியாகக் கசிகிறது. அருவி, சுனை, ஊற்று என்று நீர்நிலைகளைப் பிரித்தறிந்த தமிழ், பாறையில் ஊறிக் கசியும் நீரை அசும்பு என்றது. பலெர்மோவின் புனித நீர் இவ்வகையைச் சேர்ந்தது.

அக்குகையே இன்று புனித ரோசலியாவின் திருத்தலம். முன்புறம் 17ஆம் நூற்றாண்டு முகப்பு. அதைக் கடந்தால் திறந்த முற்றம். அதற்கப்பால் குகையே கருவறை. கூரை முழுவதும் உலோகத் தகட்டுக் கால்வாய்கள் கோணல்மாணலாகத் தொங்குகின்றன. சொட்டும் நீர் வழிபடுவோர் தலைமேல் விழாமல் தடுப்பதும், அந்நீரை வீணாக்காமல் ஓரிடத்தில் சேர்ப்பதும் அவற்றின் வேலை. 1787 ஏப்பிரலில் இங்கு வந்த ஜெர்மானியக் கவிஞர் கதே, தம் இத்தாலியப் பயண நூலில் இக்கால்வாய்களை விட்டுவிடவில்லை. அன்று அவை ஈயத்தால் ஆனவை. அழுக்குப் பச்சை பூசப்பட்டிருந்தமையால், குகைக்குள் பெரிய கள்ளிச்செடிகள் முளைத்திருப்பதுபோல் அவருக்குத் தோன்றின. தெளிந்த நீர் ஒரு தொட்டியில் சேர்ந்ததையும், மக்கள் அதனை முகந்து பலவகைப் பிணிகளுக்கு மருந்தாகக் கொண்டதையும் அவர் பதிந்துள்ளார். கவிஞர் ஒருவரின் பார்வை பொற்கவசமணிந்த சிலையோடு நின்றுவிடாமல் குழாய்வேலையிலும் தங்கியது ஆய்வாளரின் நல்வாய்ப்பே.

1624: எலும்புக்கு முந்திய நீர்

மரபுச் செய்தியின்படி ரோசலியா 12ஆம் நூற்றாண்டினள். நார்மானிய மன்னர் இரண்டாம் ரோஜரின் பலெர்மோ அரசவையோடு தொடர்புடைய உயர்குடியிற் பிறந்தவள், தந்தை சினிபால்தோ. மணநாள் நெருங்கிய வேளையில் கண்ணாடியில் தன் முகத்துக்குப் பதிலாக இயேசுவின் முகத்தைக் கண்டு, கூந்தலை அரிந்து அரண்மனையைத் துறந்தாள் என்பது மக்கள் வழக்கு. முதலில் தீவின் உட்பகுதியிலுள்ள குவிஸ்குவினா மலைக்குகையிலும், பின்னர் பெல்லெக்ரீனோ குகையிலும் தனித்திருந்து 1166 செப்டெம்பர் 4 அன்று மறைந்தாள் என்பர். அதன்பின் நான்கரை நூற்றாண்டுகள் அவள் பெயர் பெரிதாக ஒலிக்கவில்லை.

1624 மே மாதம் தூனிசிலிருந்து வந்த கப்பலொன்றோடு கொள்ளைநோய் நகருள் புகுந்தது. சிசிலியின் அரசப் பிரதிநிதி எமானுவேலே ஃபிலிபெர்தோவே அவ்வாண்டு ஆகஸ்டில் அந்நோய்க்குப் பலியானார். நகர் அடைபட்டுக் கிடந்த அந்நாள்களில், சூலை 15 அன்று, குகையில் தோண்டியவர்கள் எலும்புகளைக் கண்டெடுத்தனர். பேராயர் கர்தினால் தோரியா அமைத்த முதற்குழு ஐயுற்றது. மறுகுழு 1625 பிப்ரவரியில் அவற்றை ரோசலியாவின் எலும்புகளென ஏற்றது. அதே மாதம், கொள்ளைநோயில் மனைவியை இழந்து சாகத் துணிந்து மலையேறிய சவர்க்காரத் தொழிலாளி விஞ்சென்சோ பொனெல்லிக்கு அவள் தோன்றி, எலும்புகளை நகர்வலமாக எடுத்துச் செல்லச் சொன்னாளாம். 1625 சூனில் பேழை வலம் வந்தது, நோய் தணிந்தது. சூலை 14, 15ஆம் நாள்களில் நிகழும் தேர்த்திருவிழா இதன் நினைவே. அதன் 400ஆம் விழா 2024இல் நடைபெற்றது.

வழக்கமாகச் சொல்லப்படும் இவ்வரலாற்றில் எலும்புகளே நடுநாயகம். ஆயின், தோண்டுமாறு தூண்டிய நிகழ்ச்சி வேறு. ஜிரோலமா என்னும் ஏழைப்பெண் 1623இல் மருத்துவமனையில் உயிருக்குப் போராடியபோது ஒரு பெண்ணுருவைக் கனவிற் கண்டு, பிழைத்தால் மலையேறுவதாக நேர்ந்துகொண்டாள். நேர்த்தியை உடனே நிறைவேற்றவில்லை. காய்ச்சல் விடாது தொடர்ந்தது. 1624 மே 26 அன்று ஏறினாள், குகையில் சொட்டிய நீரைப் பருகினாள், காய்ச்சல் நீங்கியது. அங்கேயே கண்ணயர்ந்தபோது, தோண்ட வேண்டிய இடம் அவளுக்குக் கனவில் உணர்த்தப்பட்டது. முதலில் நேர்த்தி, அடுத்து மலையேற்றம், பின்னர் நீர், இறுதியில் எலும்பு என்பதே கதையின் வரிசை. புனிதையின் எச்சம் வெளிப்படுவதற்கு முன்பே நீர் நோய் தீர்த்துவிட்டது.

இவ்வரிசை தமிழ்த் தலபுராண வாசகருக்குப் பழக்கமானது. நேர்ந்ததை மறந்தவருக்கு நோய் திரும்புவதும், நீர் தொட்டபின் கனவில் இடம் சுட்டப்படுவதும், அவ்விடத்தைத் தோண்ட மூர்த்தி வெளிப்படுவதும் நம்மூர்க் கோயிற்கதைகள் பலவற்றின் அமைப்பே. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய நிலவியலறிஞர் வில்லியம் பக்லாந்து அவ்வெலும்புகளை ஆட்டின் எலும்புகள் என்று சொன்னதாக ஒரு செய்தி அறிவியல் வட்டாரங்களில் நெடுங்காலமாக உலவுகிறது. அது பலெர்மோ மக்களின் பற்றைச் சிறிதும் அசைக்கவில்லை.

சுண்ணக்கல் நாட்டவர்

பலெர்மோத் தமிழர் பெரும்பாலும் இலங்கையின் வடபுலத்தினர். 1980களில், குறிப்பாக 1983 வன்செயல்களுக்குப் பின், வரத் தொடங்கிய இவர்களிற் பலர் வீட்டுப்பணியிலும் முதியோர் பராமரிப்பிலும் துப்புரவுத் தொழிலிலும் அமர்ந்தனர். பலாரோ சந்தையைச் சூழ்ந்த பழைய தெருக்களில் இவர்களது குடியிருப்புகளும் கடைகளும் உள்ளன. சைவரும் கத்தோலிக்கரும் கலந்த சமூகம் இது.

இவர்கள் ரோசலியாவை ஏற்றதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், சைவர்கள் எத்தெய்வத்தையும் தம் தெய்வ வரிசையில் சேர்த்துக்கொள்வர் என்பது. இது பிழையன்று, போதியதுமன்று. பலெர்மோவில் நூற்றுக்கணக்கான தேவாலயங்கள் உள்ளன, புனிதர்க்கும் பஞ்சமில்லை. அவற்றையெல்லாம் விட்டு, அடிவாரத்திலிருந்து கால்நடையாக ஏற வேண்டிய குகையொன்றைச் சைவர்கள் நாடியது ஏன் என்பதை அப்பொதுவிளக்கம் தொடுவதில்லை. விடையின் ஒரு பகுதி யாழ்ப்பாணக் குடாநாட்டின் தரையில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை; மலையும் இல்லை, அருவியும் இல்லை. குடாநாடு முழுவதும் சுண்ணக்கற் படுகை. மழை மண்ணுக்குள் இறங்கிப் பாறை வெடிப்புகளில் தேங்குகிறது. கிணறுகள் அதனைத் தருகின்றன. ஆகவே அங்குப் புனித நீர் எனப்படுவது பாறைக்குள்ளிருந்து வெளிப்படும் நீரே. புத்தூரை அடுத்த நிலாவரை ஆழங்காணாக் கிணறு, இராமன் வானரப் படையின் தாகம் தீர்க்க அம்பு எய்து உண்டாக்கியது எனப்படும். கீரிமலையில் கடற்கரையின் விளிம்பிலேயே, அலைக்கு எட்டும் தொலைவில் நன்னீர் ஊற்றெடுத்துக் கேணியை நிரப்புகிறது. மலை என்று பெயர் கொண்டாலும் அது கடலோர மேட்டுநிலமே.

கீரிமலைக் கதையை 18ஆம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை சொல்கிறது. கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் அந்நீராடி மனித முகம் பெற்றார். பின்னர், திசையுக்கிர சோழனின் மகள் மாருதப்பிரவீகவல்லி, குன்மநோயாலும் குதிரைமுகத்தாலும் வருந்தித் தீர்த்த யாத்திரை வந்து, அங்கு நீராடி நலமுற்றாள். குதிரைமுகம் நீங்கிய ஊர் மாவிட்டபுரம் ஆயிற்று. அங்கு அவள் முருகனுக்குக் கோயில் எடுத்தாள்.

இவ்விரு பெண்களையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்ப்பது பயனுடையது. இருவரும் உயர்குடிப் பெண்கள். இருவர் கதையிலும் முகம் மாறுகிறது. ஒருத்திக்கு உடலில், மற்றவளுக்குக் கண்ணாடியில். இருவரும் அரண்மனையை விட்டு நீர் கசியும் கல்லிடம் வருகின்றனர். வேறுபாடும் பெரிதே. கீரிமலை நீர் வல்லியின் முகத்தைத் திருத்தி அவளை மணவாழ்வுக்கும் அரசுக்கும் திருப்பியனுப்புகிறது. ரோசலியாவோ மணத்தை மறுத்து வந்தவள், அவள் திரும்புவதில்லை. சைவ மரபில் அவளுக்கு நெருங்கிய உறவினர் வல்லியைவிடக் காரைக்காலம்மையார் போன்ற துறவியரே எனலாம்.

வரலாறும் ஓரிடத்தில் இவ்விரு நிலங்களையும் தொடுகிறது. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்தது. 1621இல் நல்லூர்க் கந்தசாமி கோயில் தகர்க்கப்பட்டது. கீரிமலை நகுலேசுவரமும் அவர்கள் காலத்தில் அழிந்து, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே மீண்டும் எழுந்தது. அக்காலத்தில் போர்த்துக்கலும் ஸ்பெயினும் ஒரே முடியின்கீழ் இருந்தன. சிசிலியும் அம்முடிக்கே உரியது. குகையில் எலும்புகள் தோண்டப்பட்ட 1624இல் பலெர்மோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மன்னர் ஒருவரே: ஸ்பெயினின் நான்காம் பிலிப்பு. அவர் ஆட்சிப் பரப்பின் ஒரு முனையில் திருத்தலமொன்று எழும்பிக்கொண்டிருந்தது. மறுமுனையில் கோயில்களின் கற்கள் கோட்டைக்குச் சென்றுகொண்டிருந்தன.

ஏறுவோர்

ஞாயிற்றுக்கிழமை பலெர்மோத் தமிழருக்குப் பணியோய்வு நாள். காலையில் குடும்பங்கள் பழைய கல்பாவிய ஏற்றப்பாதை வழியே குகைக்குச் செல்வதை நகரத்தார் பல்லாண்டுகளாகக் கண்டு வருகின்றனர். செப்டெம்பர் 3 இரவு தொடங்கி மறுநாள் வரை நிகழும் பெரும் மலையேற்றத்தைச் சிசிலியர் தம் மொழியில் அக்கியனாத்தா என்பர். நேர்த்திக்கடனுடையோர் அன்று வெறுங்காலோடு ஏறுவர். கடைசிப் பகுதியை முழங்காலால் கடப்போரும் உண்டு. பழனிக்கோ சிவனொளிபாத மலைக்கோ நடந்தவர்க்கு இதில் புதிதாகக் கற்க ஏதுமில்லை. குகையின் பளிங்குச் சிலை படுத்த நிலையிலுள்ள இளம்பெண்ணின் உருவம். அதன் பொன்னாடை பூர்போன் மன்னர் சார்லசின் கொடை. சாத்துப்படி செய்த அம்மனைக் கண்டு பழகிய கண்களுக்கு அதுவும் அயலன்று.

கத்தோலிக்கத் திருத்தலத்தில் சைவர்கள் நேர்த்தி வைப்பதும் பலெர்மோவில் தொடங்கியதன்று. மன்னார் மாவட்டத்து மடு மாதா கோயிலுக்குச் சைவர்கள் தலைமுறைகளாகச் சென்றுள்ளனர். அக்கோயில் மண் பாம்புக்கடிக்கு மருந்தாகும் என்ற நம்பிக்கை சமய எல்லை பாராதது. வேளாங்கண்ணியும் அவ்வாறே. மடுவில் மண்ணை நம்பியவர்கள் பலெர்மோவில் நீரை நம்பினர் என்று சுருக்கமாகக் கூறலாம்.

இவ்வளவும் ஒப்புமையின் பக்கம். ஒவ்வாத பக்கமும் உண்டு. தமிழியல் ஆய்வு கூடுதலாகக் கவனிக்க வேண்டியது அதுவே.

ஈழத்துத் தீர்த்தங்களுக்கு இரு கடமைகள் உள. ஒன்று, உயிரோடிருப்பவரின் நோய் தீர்த்தல். மற்றொன்று, இறந்தவர்க்குரிய கடனைப் பெற்றுக்கொள்ளல். கீரிமலையில் ஆடி அமாவாசையன்று, தந்தையை இழந்தவர்கள் பிதிர்க்கடன் செய்து கேணியிலும் கடலிலும் நீராடுவர். கன்னியாவிலும் அந்தியேட்டி முதலிய கிரியைகள் நடைபெற்று வந்தன. அக்கிணறுகளின் தோற்றக்கதையே ஓர் ஈமக்கடனைப் பற்றியதுதான். பெல்லெக்ரீனோ நீருக்கு இவ்விரண்டாம் கடமை இல்லை. குகையில் அந்நீரைத் தொடலாம், பருகலாம், நேர்ந்துகொள்ளலாம், நீராட இயலாது. எள்ளும் பிண்டமும் கொண்டு தருப்பணம் செய்யக் கத்தோலிக்க ஆலயத்துள் இடமில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ரோசலியாவிடம் ஏறலாம். ஊரில் தந்தை இறந்த செய்தி வந்தால் ஏறிப் பயனில்லை.

கீரிமலையும் நெடுங்காலம் எட்டாததாகவே இருந்தது. 1990இல் நகுலேசுவரம் வான்வழிக் குண்டுவீச்சுக்கு உள்ளானது; வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்க்கப்பட, அப்பகுதி உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கியது. பலெர்மோவில் தமிழர் வேரூன்றிய ஆண்டுகளும் கீரிமலை மூடப்பட்டிருந்த ஆண்டுகளும் பெரிதும் ஒன்றே. தந்தையின் இறுதிச்சடங்குக்கே செல்ல முடியாதிருந்தவர்களுக்கு ஆண்டுதோறும் வரும் ஆடி அமாவாசை எத்தகைய நாளாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அது, தேர்த்திருவிழா முடிந்து சில நாள்களிலோ வாரங்களிலோ வருவது. நகரம் தன் புனிதையைப் பாடி ஓய்ந்த பின்னர், நகரறியாமல் வந்துபோகும் நாள் அது.

ஆகவே, பலெர்மோத் தமிழரின் ரோசலியா பற்றை நகர நிருவாகமும் செய்தித்தாள்களும் ஒன்றிவாழ்தலின் சின்னமாகப் போற்றும்போது, அவர்கள் காண்பது பெயர்ந்துவந்த பாதியை மட்டுமே. பிணி தீர்க்கும் நீருக்கு ஈடு கிடைத்தது, ஏற்போர் மகிழ்ந்தனர், ஊராரும் மகிழ்ந்தனர். பிதிர் ஏற்கும் நீருக்கு ஈடு கிடைக்காதது எந்த ஊர்வலத்திலும் தெரிவதில்லை. சமயக்கலப்பு என்னும் சொல்லும் இங்கு உதவாது. இரண்டு கலந்து ஒன்றானால்தான் அது கலப்பு. இங்கு நிகழ்ந்திருப்பது ஒரு மரபின் இரு கடமைகளுள் ஒன்று புதிய நிலத்திற் பொருந்தி, மற்றொன்று பழைய நிலத்திலேயே தங்கிவிட்டமை.

பலெர்மோவிலிருந்து வட இத்தாலிக்கும் பிற ஐரோப்பிய நாடுகளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் மேலும் பெயர்ந்து வருகின்றன. முதல் தலைமுறையினர் குகையில் வைத்த நேர்த்திகள், அவற்றின் காரணங்கள், ஏறும்போது பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகள் ஆகியன வாய்மொழியிலேயே உள்ளன. அவற்றைத் தொகுப்போர், ரோசலியாவிடம் என்ன கேட்டீர்கள் என்பதோடு, எதை அவளிடம் கேட்கவில்லை என்பதையும் வினவுதல் வேண்டும். யாழ்ப்பாணத் தமிழும் சிசிலிய வழக்கும் இரண்டும் அறிந்த இளந்தலைமுறையினர் பலெர்மோவிலேயே இருக்கின்றனர். ஞாயிறுதோறும் அவர்களும் ஏறுகின்றனர்.